நாய்க்கடியும் பதினான்கு ஊசியும் - ஒரு வரலாறு

"நாயிடம் போகாதே, கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள்!"

தமிழ்நாட்டில் பிள்ளைகளை மிரட்டப் பெரியவர்கள் பயன்படுத்திய வாக்கியங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. பூச்சாண்டி வராமல் போகலாம். ஊசி மட்டும் உண்மை. கடித்த நாயை விட அந்த ஊசிக்குப் பயந்து, கடிபட்டதை வீட்டில் சொல்லாமல் மறைத்த பிள்ளைகளும் இருந்தார்கள். மறைத்தவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகியது. அதன் பிறகு எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

அந்தப் பதினான்கு ஊசி எங்கிருந்து வந்தது? ஏன் வயிற்றில்? அதற்கு முன்பு மனிதர்கள் நாய்க்கடியிலிருந்து தங்களை எப்படிக் காப்பாற்றிக் கொண்டார்கள்? இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து போனால் ஒரு விசித்திரமான வரலாறு கிடைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காயத்தைச் சுட்டுப் பொசுக்கிய மனிதர்கள், எல்லார் வீட்டிலும் இருந்த ஒரு பொருளை மட்டும் கவனிக்கத் தவறிய கதை அது.

சட்டமும் சூட்டுக்கோலும்

நாய்க்கடிக்கான சட்டம் இன்று நேற்று வந்ததல்ல. இன்றைய ஈராக்கில் இருந்த எஷ்னுன்னா என்ற நகர அரசின் சட்டங்கள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. வயது ஏறத்தாழ 3,800 ஆண்டு. அதில் ஒரு விதி: ஒரு நாய் ஆபத்தானது என்று அதிகாரிகள் அதன் சொந்தக்காரனுக்கு எச்சரிக்கை கொடுத்த பிறகும் அவன் அதை அடக்கி வைக்காமல், அது ஒருவரைக் கடித்து அவர் இறந்து போனால், நாயின் சொந்தக்காரன் 40 ஷெக்கல் வெள்ளி தர வேண்டும். இறந்தவர் அடிமையாக இருந்தால் 15 ஷெக்கல் போதும். (அடிமையின் உயிர் மலிவு!) இதில் கவனிக்க வேண்டியது, "எச்சரிக்கை கொடுத்த பிறகும்" என்ற வார்த்தை. வளர்த்தவன்தான் பொறுப்பு என்ற எண்ணம் அப்போதே வந்து விட்டது.

ரோமானியர்கள் வேறு வழி பிடித்தார்கள். கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தில், ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலியில் கட்டிய கறுப்பு நாயின் படத்தைச் சிறு கற்களால் பதித்திருக்கிறார்கள். கீழே "நாய் ஜாக்கிரதை" என்று லத்தீனில் எழுத்து. இன்றைக்கு நம்மூர் இரும்புக் கேட்டில் தொங்கும் தகரப் பலகைக்கு அதுதான் முப்பாட்டன்.

நாய் கடித்த பிறகு என்ன செய்வது? இதில் கிழக்கும் மேற்கும் ஒரே முடிவுக்கு வந்தன. சுஸ்ருத சம்ஹிதை வெறி பிடித்த நாய், நரி முதலியவற்றின் கடியை விவரிக்கிறது. கடிவாயைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றி, காய்ச்சிய நெய்யால் சுட வேண்டும் என்கிறது. கடிபட்டவன் தண்ணீரைக் கண்டு பயப்படத் தொடங்கினால் பிழைக்க மாட்டான் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசிச் செய்தி இன்றைய மருத்துவப் புத்தகத்திலும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது.

முதலாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸும் கடிவாயிலிருந்து விஷத்தை உறிஞ்சி எடுத்துச் சூடு போடச் சொன்னார். தண்ணீருக்குப் பயப்படும் நிலை வந்து விட்டால் அவர் சொன்ன வைத்தியம், நோயாளி எதிர்பாராத நேரத்தில் அவனைக் குளத்தில் தள்ளி விடுவது! நீச்சல் தெரியாதவன் என்றால் தண்ணீர் குடிக்கும்படி முங்க விட்டுத் தூக்க வேண்டுமாம். அவருடைய காலத்தை ஒட்டி வாழ்ந்த பிளினி, நாயின் நாக்குக்கு அடியில் ஒரு புழு இருப்பதாகவும் குட்டியிலேயே அதை எடுத்து விட்டால் வெறி பிடிக்காது என்றும் எழுதி வைத்தார். அப்படி ஒரு புழு கிடையாது. ஆனால் அதை நம்பி நாய்க்குட்டிகளின் நாக்கைக் கீறியவர்கள் பல நூற்றாண்டுகள் இருந்தார்கள்.

ஐரோப்பாவில் இதைப் பக்தியோடு செய்தார்கள். புனித ஹூபர்ட் பெயரில் ஆணி போன்ற ஒரு இரும்பு. அதைப் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் வைப்பார்கள். வெறிநாய் கடித்தவன் கொல்லன் பட்டறைக்கு ஓடுவது பிரான்சில் 19 ஆம் நூற்றாண்டு வரை சாதாரணம். ழூரா மலைப் பகுதியில் அர்புவா என்ற ஊரில் லூயி பாஸ்டர் என்ற சிறுவன் வளர்ந்த காலத்தில், 1831 இல், அந்தப் பக்கத்தில் ஒரு வெறி பிடித்த ஓநாய் பலரைக் கடித்தது. கடிபட்டவர்களுக்குப் பட்டறையில் சூடு போட்டதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

சூடு போட்டதில் பயனே இல்லை என்று சொல்லி விடவும் முடியாது. கிருமி நரம்புக்குள் நுழையும் முன் தசையோடு சேர்த்து அதைப் பொசுக்கி விட்டால் சிலர் பிழைக்கலாம். அந்தச் சிலரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சூட்டுக்குச் சம்மதித்தார்கள்.

இரண்டு சிறுவர்கள்

1885 ஜூலை 4. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மீஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை வெறிநாய் ஒன்று 14 இடங்களில் கடித்தது. ஜூலை 6 இல் தாய் அவனைப் பாரிசுக்கு அழைத்து வந்தாள். பாஸ்டர் மருத்துவர் அல்ல, வேதியியல் படித்தவர். ஊசி போடும் உரிமை அவருக்குக் கிடையாது. எனவே கிராஞ்சே என்ற மருத்துவர் போட்டார். வெறிநோயால் இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் உலர வைத்து, அதைக் கரைத்து எடுத்த மருந்து அது. பல நாள் உலர்ந்து வீரியம் குறைந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூடியதற்குப் போனார்கள். 10 நாளில் 13 ஊசி. போட்ட இடம்? வயிற்றின் மேல் பக்கம், விலாவுக்குக் கீழே உள்ள தோல் மடிப்பு. ஆக, நம்மூர்ப் பிள்ளைகள் பயந்த வயிற்று ஊசி உலகின் முதல் நோயாளியிடமே தொடங்கி விட்டது. பையன் பிழைத்தான்.

எல்லோரும் மீஸ்டரைத்தான் சொல்வார்கள். இரண்டாவதாக வந்தவனின் கதை அதை விடப் பெரியது.

ழான் பத்தீஸ்த் ஷுப்பீல். 15 வயது. ஆடு மாடு மேய்க்கும் பையன். ஊர் ழூரா பகுதியில் வில்லர்ஸ்-ஃபார்லே. 1885 அக்டோபரில் ஆறு சிறுவர்கள் மேய்ச்சல் நிலத்தில் இருந்தபோது பெரிய நாய் ஒன்று வாயில் நுரை தள்ள ஓடி வந்தது. ஆறு பேரும் கத்திக் கொண்டு ஓடினார்கள். அவர்களில் மூத்தவனான ஷுப்பீல் திரும்பி நின்றான். கையில் சாட்டை. நாய் பாய்ந்து அவனுடைய இடது கையைக் கவ்வியது. அவன் நாயைக் கீழே தள்ளி அதன் மேல் முழங்காலை ஊன்றி, வலது கையால் வாயைப் பிளந்து இடது கையை வெளியே எடுத்தான். அதற்குள் இரண்டு கையிலும் கடி. தம்பி எடுத்துக் கொடுத்த சாட்டைக் கயிற்றால் நாயின் வாயைச் சுற்றிக் கட்டினான். காலில் போட்டிருந்த மரச் செருப்பைக் கழற்றி அதன் தலையில் அடித்தான். கடைசியில் அருகில் இருந்த ஓடைக்கு இழுத்துப் போய் அதன் தலையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் கொன்றான்.

ஊர்த் தலைவர் பாஸ்டருக்குக் கடிதம் எழுதினார். பையனை அனுப்பி வையுங்கள் என்று பாஸ்டர் பதில் போட்டார். கடிபட்டு ஆறு நாள் கழிந்த பிறகே சிகிச்சை தொடங்கியது. மீஸ்டருக்கோ இரண்டரை நாள்தான் ஆகியிருந்தது. ஆறு நாள் தாமதம் தாங்குமா என்று பாஸ்டருக்கே சந்தேகம். தாங்கியது. அக்டோபர் 26 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் பாஸ்டர் தம் முடிவுகளை வாசித்தபோது இந்தச் சிறுவனின் துணிச்சலையும் சேர்த்து வாசித்தார். நாயோடு மல்லுக்கட்டும் ஷுப்பீலின் சிலை இன்றும் பாரிஸ் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் இருக்கிறது.

அடுத்த மாதமே தோல்வியும் வந்தது. லூயிஸ் பெல்த்தியே என்ற 10 வயதுச் சிறுமி. தலையில் ஆழமான கடி. கடித்து 37 நாள் கழித்துத் தூக்கி வந்தார்கள். இனிப் பயனில்லை என்று பாஸ்டருக்குத் தெரியும். இறந்தால் ஊசியின் மேல்தான் பழி விழும் என்பதும் தெரியும். பெற்றோர் அழுததைப் பார்த்து ஊசி போட்டார். சிறுமி இறந்தாள். பழியும் விழுந்தது.

தலைக்கடி, தாமதம். ஆளைக் கொல்லும் இந்த இரண்டும் அன்றே வெளிப்பட்டு விட்டன. ரேபிஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிவாயில் உள்ள நரம்பைப் பிடித்துக் கொண்டு மெதுவாக மூளைக்குப் போகிறது. காலில் கடித்தால் நீண்ட பயணம். தலையில் கடித்தால் பக்கத்து வீடு. அது மூளைக்குப் போய்ச் சேரும் முன் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கி விட வேண்டும். கடித்த பிறகு தடுப்பூசி போட்டுப் பிழைக்க வைக்க முடிவது இந்த மெதுவான பயணத்தால்தான்.

1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் இருந்து 19 விவசாயிகள் பாரிசுக்கு வந்தார்கள். வெறி பிடித்த ஓநாய் கடித்தவர்கள். மூன்று பேர் இறந்தனர், 16 பேர் ஊர் திரும்பினர். அந்தக் காலத்தில் கடிபட்டவர்கள் நாடு விட்டு நாடு பாரிசுக்கு ரயில் ஏறினார்கள்.

மலை மேல் மருந்து

பாரிசுக்கு ரயில் இல்லாத இந்தியாவில் என்ன செய்வது? வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். மற்றவர்களுக்குச் சூட்டுக்கோலும் மந்திரமும்தான்.

1900 இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. முதல் இயக்குநர் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர். சென்னையில் நாய் கடித்தவன் கசௌலி போய்ச் சேர்வது பாதி இந்தியாவைக் கடக்கும் காரியம். 1902 இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்ததுதான் தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பியது என்பார்கள். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடை கை கொடுத்தது. 1907 இல் நீலகிரி மலையில், குன்னூரில், தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1899 இல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் வந்து விட்டிருந்தது. ஊட்டிக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் ஏறிய அதே ரயிலில்தான் நாய்க்கடிக்காரர்களும் ஏறினார்கள்.

ஏன் மலை மேல் கட்டினார்கள் என்று கேட்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். இந்த மருந்து வெயிலில் கெட்டு விடும். குன்னூரின் குளிரே குளிர்சாதனப் பெட்டி.

நோயாளியை மருந்திடம் கொண்டு போகும் இந்த முறையைத் தலைகீழாக்கியவர் செம்பிள். 1911 இல் அவர், கிருமி ஏற்றிய விலங்கின் மூளையைப் பினாயில் குடும்பத்தைச் சேர்ந்த ஃபீனால் கொண்டு செயலிழக்க வைத்துத் தடுப்பூசி செய்யும் முறையைக் கொடுத்தார். இந்த மருந்தைப் புட்டியில் அடைத்து ஊருக்கு ஊர் அனுப்பலாம். பின்னாளில் இந்தியாவில் இதற்கு ஆட்டு மூளை பயன்பட்டது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நாய்க்கடி ஊசி கிடைக்கத் தொடங்கியது இதனால்தான். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்து என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அது வலித்தது. ஒவ்வொரு நாளும் பல மில்லி மருந்தைத் தோலுக்கு அடியில் ஏற்ற வேண்டும். அவ்வளவு மருந்துக்குக் கையில் இடம் போதாது. வயிற்றுத் தோல் தளர்வானது, பரப்பும் அதிகம். எனவே தொப்புளைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடியின் கடுமையைப் பொறுத்து 7 நாள், 10 நாள், 14 நாள். வலியை விடப் பெரிய ஆபத்து மருந்துக்குள்ளேயே இருந்தது. அதில் ஆட்டின் நரம்புத் திசு கலந்திருந்தது. சிலரின் உடல் அதை எதிர்க்கப் போய், தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கும். நாயிடமிருந்து தப்பியவருக்கு ஊசியால் பக்கவாதம். அரிதாக நடந்ததுதான் என்றாலும், அப்படி ஒரு ஆளைப் பார்த்த கிராமம் அதை மறக்காது. அந்த ஊரில் அடுத்து நாய் கடித்தவன் மந்திரிப்பவரைத் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை.

நரம்புத் திசு இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்து அதில் செய்யும் தடுப்பூசி 1970களிலேயே வந்து விட்டது. 1976 இல் ஈரானிலிருந்து வந்த முடிவுகள் அதற்குப் பெரிய சாட்சி. வெறி பிடித்த நாயும் ஓநாயும் கடித்த 45 பேருக்கு அதைப் போட்டார்கள், 45 பேரும் பிழைத்தார்கள். ஆனாலும் இந்தியா ஆட்டு மூளை மருந்தை நிறுத்தியது 2004 இறுதியில்தான். முப்பது ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் விலை. புதிய மருந்து பணக்காரனுக்கு, வயிற்று ஊசி ஏழைக்கு என்றுதான் அந்த முப்பது ஆண்டும் போனது. எஷ்னுன்னாவின் 40 ஷெக்கலும் 15 ஷெக்கலும் நினைவுக்கு வந்தால் தவறில்லை.

பிறகு அதற்கும் வழி பிறந்தது. தசையில் போடும் முழு அளவுக்குப் பதில், தோலின் மேலடுக்கில் 0.1 மில்லி வீதம் இரண்டு தோள்களிலும் போட்டாலே போதும் என்ற முறையைத் தாய்லாந்து மருத்துவர்கள் உருவாக்கினார்கள். 2006 இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஒரு புட்டி பல பேருக்கு வரும். அரசு ஆஸ்பத்திரியில் கடித்த அன்றும், அதன் பின் 3, 7, 28 ஆம் நாட்களிலும் போடும் ஊசி இதுதான். வயிற்றில் ஊசி என்பது ஒழிந்து இருபது ஆண்டு ஆகிறது. பயம் மட்டும் இன்னும் ஒழியவில்லை.

சோப்புக் கட்டி

இனி அந்த எல்லார் வீட்டுப் பொருளுக்கு வருவோம்.

1943 இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஷானெஸி, ஸிக்கிஸ் என்ற இருவரின் ஆய்வு வெளியானது. அப்போது மேலை நாடுகளில் வெறிநாய்க் காயத்துக்குப் புகையும் நைட்ரிக் அமிலத்தைத் தடவுவது வழக்கம். சூட்டுக்கோலின் படித்த பேரன் என்று சொல்லலாம். இவர்கள் கினிப் பன்றிகளின் காயத்தில் ரேபிஸ் கிருமியைத் தடவி, சிலவற்றுக்கு நைட்ரிக் அமிலமும் சிலவற்றுக்கு வெறும் சோப்புக் கரைசலும் வைத்துப் பார்த்தார்கள். தசையைப் பொசுக்கும் அமிலத்துக்குச் சோப்புத் தண்ணீர் சற்றும் சளைக்கவில்லை.

காரணம் எளிது. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைத்தான் கிருமியிடமும் செய்கிறது. உறை கரைந்தால் கிருமி செத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது சொல்லும்போது சிறியது, குழாயடியில் நின்று பார்த்தால் மிக நீளம். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் முடித்து விடுகிறார்கள்.

நம்மூரில் இதற்கு நேர் எதிரான வேலைகள் நடக்கின்றன. மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மஞ்சள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கடிவாயில் அப்புகிறார்கள். எரிச்சல் கண்டால் விஷம் முறிகிறது என்று நினைப்பு. சூட்டுக்கோல் போய்விட்டாலும் சுட்டால்தான் குணம் என்ற நம்பிக்கை போகவில்லை. எரிச்சலூட்டும் பொருள் திசுவைக் கிழித்துக் கிருமியை இன்னும் உள்ளே தள்ளுவதுதான் நடக்கிறது.

ஓநாய் வந்த இரவு

கழுவியாயிற்று, ஊசியும் போட்டாயிற்று, ஆனாலும் சிலர் இறக்கிறார்களே, ஏன்? இதற்கு விடை கிடைத்ததும் ஈரானில்தான். 1954 இல் அங்கே ஒரு கிராமத்துக்குள் வெறி பிடித்த ஓநாய் புகுந்து ஒரே இரவில் 29 பேரைக் கடித்தது. 18 பேருக்குத் தலையில் காயம். டெஹ்ரான் பாஸ்டர் நிறுவனம் ஒரு புதிய மருந்தைச் சோதிக்கத் தயாராக வைத்திருந்தது. கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள், அதாவது சீரம். தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தனர். சீரமும் சேர்த்துப் பெற்ற 13 பேரில் ஒருவர் மட்டுமே இறந்தார்.

தடுப்பூசி உடலுக்குப் போர்ப் பயிற்சி கொடுக்கிறது. பயிற்சி முடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காவலுக்கு வெளியிலிருந்து வரும் கூலிப்படைதான் சீரம். தோல் கிழிந்து ரத்தம் வந்த எந்தக் கடிக்கும், குறிப்பாக முகம், தலை, கழுத்து, விரல்களில் என்றால், அந்த மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் செலுத்த வேண்டும். 2025 இல் கேரளத்தில் தடுப்பூசி போட்டுக் கொண்ட குழந்தைகள் இறந்தபோது தடுப்பூசியே பொய் என்று பேச்சு கிளம்பியது. குழந்தைகள் உயரம் குறைவானவர்கள். பெரியவரின் முழங்காலைக் கடிக்கும் நாய் குழந்தையின் முகத்தைக் கடிக்கிறது. கிருமிக்கு அங்கிருந்து மூளை பக்கம் என்பதை அந்தப் பேச்சில் பலர் கணக்கில் எடுக்கவில்லை.

நாயைக் கொன்றால் தீருமா?

நாய்க்கடியிலிருந்து தப்ப அரசுகள் கண்ட முதல் வழி நாய்களைக் கொல்வது. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி நாய்க்கு 8 அணா என்று விலை வைத்துக் கொல்லச் சொன்னது. காசுக்கு ஆசைப்பட்டு வீட்டு நாய்களையும் பிடிக்க ஆரம்பித்தார்கள். பார்சிகளுக்கு நாய் மதச் சடங்கில் இடம் பெற்ற பிராணி. 1832 ஜூன் 6 இல் அவர்கள் காவலர்களைத் தாக்கினார்கள். மறுநாள் கடையடைப்பு, கலவரம், வெள்ளைக்காரர் வீடுகளுக்கு ரொட்டியும் தண்ணீரும் போகாதபடி தடை. பட்டாளம் வந்துதான் அடங்கியது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயம், தெருவில் திரிவதைப் பிடித்து அகற்றுதல், வெளிநாட்டு நாய்களைத் தனிமைப்படுத்துதல். நாய்ப் பிரியர்கள் கூச்சல் போட்டார்கள். ஆனால் 1902 இல் அந்த நாட்டில் ரேபிஸ் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்த நாய்களால் 1918 இல் திரும்பி வந்து, 1922 இல் மறுபடி ஒழிந்தது. அது தீவு, நாய்களுக்குச் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். இரண்டும் இல்லாத இந்தியாவில் அந்த வழி அப்படியே செல்லாது.

சென்னையில் மாநகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டி தலைமுறைகளாக ஓடியது. பிடித்தவற்றை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கொன்று கொண்டே இருந்தார்கள், நாய்களும் இருந்து கொண்டே இருந்தன. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்து குட்டி போடும். கொல்வதால் மட்டும் நாய்த்தொகையோ ரேபிஸோ குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 1992 இல் சொன்னது. 1959 இல் சென்னையில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விடும் முறையை 1964 முதலே வற்புறுத்தி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996 இல். 2001 இல் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று, 2023 இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன.

காகிதத்தில் அழகான விதி. ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது நிற்கும். மெக்சிகோ அப்படித்தான் செய்து, நாய் வழி ரேபிஸ் மரணம் இல்லாத நாடு என்று 2019 இல் சான்று பெற்றது. இந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் நாலு நாயைப் பிடித்து நாப்பதை விட்டு விடுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 5,700 பேருக்கு மேல் ரேபிஸால் இறப்பதாக அண்மைய ஆய்வுக் கணிப்பு ஒன்று சொல்கிறது. பழைய கணிப்புகள் 20,000 வரை போயின. எது சரியானாலும், தடுக்கக் கூடிய மரணங்கள். 2025 ஆகஸ்ட் 11 இல் டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 11 நாள் கழித்து அதைத் திருத்தி, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. நாய் வெறுப்பவர்களும் நாய்ப் பிரியர்களும் அன்று முதல் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

நாய் எதிரே வந்தால்

ஷுப்பீல் மாதிரி எல்லோராலும் சண்டை போட முடியாது, போடவும் தேவையில்லை. நாய் ஓடுவதைத் துரத்தும் பிராணி. மனிதன் ஓடினாலும் சைக்கிள் ஓடினாலும் அதற்கு வேட்டைதான். குரைத்துக் கொண்டு வரும் நாயின் முன் அசையாமல் நிற்பது, கையைத் தொங்க விடுவது, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் இருப்பது, அது ஆர்வம் இழந்த பின் மெல்லப் பின்வாங்குவது. பாய்ந்து வந்தால் பையோ குடையோ எது கையில் இருக்கிறதோ அதை நடுவில் நீட்டுவது. கீழே விழுந்து விட்டால் பந்து போலச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக் கொள்வது. தின்று கொண்டிருக்கும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றின் பக்கம் போகாமல் இருப்பது. இவ்வளவுதான் பாடம்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் பயன் உண்டா? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 8 ஆரம்பப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்து, 2000 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அரை மணி நேரப் பாடம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பத்து நாள் கழித்து, பிள்ளைகளுக்குத் தெரியாமல் விளையாட்டு மைதானத்தில் ஒரு சாதுவான லாப்ரடார் நாயைக் கட்டி வைத்தார்கள். நாயின் சொந்தக்காரர் வேலையாள் போல வேடமிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். பாடம் கேட்காத பிள்ளைகளில் 79 சதவீதம் பேர் முன்பின் தெரியாத அந்த நாயிடம் நேரே போய்த் தடவிக் கொடுத்தார்கள். அரை மணி நேரப் பாடம் கேட்டவர்களில் தடவியவர்கள் 9 சதவீதம் பேர்.